ஜீன்ஸ் போட்டவனும் ஜீன் பேசுகிறவனும்

"கூட்டம் பார்த்துக் கட்டினாங்க பாருங்க, அதுதான் ஜெனடிக்ஸ். சாதி பார்த்துக் கட்டினாங்க பாருங்க, அதுதான் ஜீனைக் காப்பாத்துற முறை. வெள்ளைக்காரன் நேத்துக் கண்டுபிடிச்சதை நம்ம முன்னோருங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சு வெச்சுட்டாங்க. இன்னிக்கு என்ன நடக்குது? கலந்து கலந்து நல்ல ஜீனெல்லாம் அழிஞ்சிட்டிருக்கு."

கோவையில் ஒரு கல்லூரி விழா. பேசியவர் உயிரியல் படித்து, உயிரியல் நடத்தி, ஓய்வு பெற்றவர். அரங்கம் கைதட்டியது. கவிதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்த நான் மேடை ஓரத்து நாற்காலியில், கையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விழா முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு பையன் பக்கத்தில் வந்தான். அவிநாசிப் பக்கம், நம்ம சனம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"ஏனுங்கண்ணா, அவரு சொன்னது சைன்ஸுங்களா?"

"தெரியலையே தம்பி."

"சைன்ஸுன்னா, அப்ப உடுமலைப்பேட்டையில சங்கரை வெட்டுனதும் ஜீனைக் காப்பாத்தத்தானுங்களா?"

நான் படித்தது எம்.ஏ. தமிழ். களவுக்குத் தனி இயல் வைத்த தொல்காப்பியத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஜீனைப் பற்றிக் கேட்டால்? ஆதிக்க சாதிக்காரனுக்கு நம்முடைய இந்த மௌனம்தான் வசதி. மனு சொன்னான் என்றால் மனுவைக் கொளுத்துவோம் என்று தெரியும். அதனால் மனுவை உள்ளே வைத்துவிட்டு மெண்டலை வெளியே எடுத்திருக்கிறான். மெண்டலைக் கொளுத்த முடியாது. படிக்கத்தான் வேண்டும். விலங்கியல் நடத்துகிற தோழர் ஒருவரிடம் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். ஈரோட்டில் 1887இல் பிறந்த ராமானுஜனை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி என்ற கணக்கு வாத்தியாரைக் கொங்கு நாட்டில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அதே ஹார்டி அதற்கு 6 வருஷம் முன்பு, 1908இல், ஒரு அறிவியல் பத்திரிகைக்குச் சின்னதாக ஒரு கடிதம் எழுதினார். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று மெண்டல் சொன்னது உண்மையானால், ஓங்கு பண்பு பெருகிப் பெருகி ஒரு காலத்தில் ஊரே அதுவாகிவிடாதா என்று அப்போது ஒரு கேள்வி எழுந்தது. குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால் நாளைக்கு நான்கில் மூன்று பேருக்குக் குட்டை விரல் இருக்க வேண்டாமா? ஹார்டியோடு கிரிக்கெட் ஆடுகிற பன்னெட் என்ற உயிரியல்காரர் இதைக் கொண்டுபோய் அவரிடம் போட்டார். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதுமே என்கிற தோரணையில் ஹார்டி பதில் எழுதினார். அதே வருஷம் ஜெர்மனியில் வீன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதைக் கண்டிருந்தார். ஹார்டி-வீன்பெர்க் கொள்கை என்று இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது அதைத்தான். மேடையில் பேசியவரும் முப்பது வருஷம் அதை நடத்தியிருப்பார்.

அது சொல்வது என்ன? எங்கள் வளவில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்து விளக்கினேன். 100 கொட்டை. அதில் 10 கொட்டையைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினோம். மீதி 90 கறுப்பு. எல்லாம் ஒரு பைக்குள். கொட்டைதான் அல்லீல், அதாவது ஒரே ஜீனின் வேறு வேறு வடிவம். பத்துக்கு ஒன்று வெள்ளை என்பது அல்லீல் நிகழ்வெண். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா ஒரு கொட்டை தருகிறாள், அப்பன் ஒரு கொட்டை தருகிறான். பைக்குள் கைவிட்டு ஒன்றை எடு, நிறத்தை எழுதிக்கொள், திரும்பப் போடு, இன்னொன்றை எடு. இரண்டும் கறுப்பாக வர 0.9 பெருக்கல் 0.9, நூற்றுக்கு 81. இரண்டும் வெள்ளையாக வர 0.1 பெருக்கல் 0.1, நூற்றுக்கு 1. ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளையாக 18. இந்த 81, 18, 1 என்பதுதான் ஜீனாக்க விகிதம். எங்கள் பிள்ளைகள் 100 தடவை எடுத்ததில் 83, 15, 2 என்று வந்தது. தேர்வில் பாஸானதுபோல் கத்தினார்கள்.

இப்போது முக்கியமான இடம். அடுத்த தலைமுறைக்கும் அதே பை. அப்போதும் வெள்ளை பத்துக்கு ஒன்றுதான். அதற்கடுத்த தலைமுறைக்கும் அதேதான். பை பெரிதாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து கொட்டை வரக்கூடாது, நிறம் தானாக மாறக்கூடாது, எந்த நிறமும் செத்து ஒழியக்கூடாது, யார் கொட்டை யாரோடும் சேரலாம் என்றிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் கலப்பு என்பது ஒரு அல்லீலைக்கூட அழிப்பதில்லை. ஓங்கியிருப்பதால் எதுவும் பெருகுவதில்லை. ஒடுங்கியிருப்பதால் எதுவும் அழிவதுமில்லை. 'கலந்தால் நல்ல ஜீன் அழியும்' என்ற பேச்சு 1908இலேயே செத்துவிட்டது. அந்தப் பிணத்தைத்தான் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்த நிபந்தனைகளில் கடைசியைப் பாருங்கள் தோழர்களே. யாரும் யாரையும் மணக்கலாம். பாடப்புத்தகம் இதைச் சாதாரணமாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறது. எந்த நாட்டுக்கு எழுதினார்கள் என்று தெரியவில்லை. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011-12இல் எடுத்த கணக்கில் சாதி மாறிய திருமணம் நூற்றுக்கு 5 வாக்கில்தான். மீதி 95 பேரும் தன் பைக்குள்ளேயே கைவிட்டவர்கள். புத்தகத்தில் இனக்கூட்டம் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கூட்டம் என்றால் வேறு பொருள்.

பையைப் பிரித்துக் கட்டினால் என்ன ஆகும்? ஊர் ஒன்று, வளவு ஒன்று. இரண்டிலும் 1000 பிள்ளைகள். ஊர்ப் பையில் ஒரு நோய் அல்லீல் பத்துக்கு 2 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும். வளவுப் பையில் அது இல்லவே இல்லை. (திருப்பியும் வைக்கலாம். கணக்குக்குச் சாதி கிடையாது.) ஊரில் 0.2 பெருக்கல் 0.2. 1000 பிள்ளையில் 40 பேருக்கு நோய். வளவில் யாருக்கும் இல்லை. இப்போது இரண்டு பையையும் ஒன்றாகக் கொட்டுங்கள். 2000 பிள்ளைகள். நிகழ்வெண் பத்துக்கு 1. நோய் வருவது நூற்றுக்கு 1, அதாவது 20 பேர். 40 பேர் 20 ஆனார்கள்.

சரி, அல்லீல் அழிந்ததா? எண்ணிப் பார்க்கலாம். பிரிந்திருந்தபோது நோயாளிகள் 40 பேரிடம் ஆளுக்கு இரண்டு என 80. ஒன்றை மட்டும் சுமந்தவர்கள் 320 பேர். ஆக 400. கலந்தபின் 20 பேரிடம் 40, சுமப்பவர்கள் 360 பேர். ஆக 400. நானூறும் நானூறாகவே இருக்கிறது. ஒரு கொட்டை காணாமல் போகவில்லை. நோயாளிப் பிள்ளை மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறது. சுவீடன்காரர் வாலுண்ட் 1928இல் இதை எழுதினார். அவருக்கு நம் ஊரும் சேரியும் தெரியாது. தெரிந்திருந்தால் இதற்குச் சாதி விளைவு என்றே பெயர் வைத்திருப்பார்.

இனி கூட்டத்துக்கு வருவோம். இதில்தான் அவர்கள் நெஞ்சு நிமிர்கிறது. காடை கூட்டம், ஆந்தை கூட்டம், தூரன் கூட்டம் என்று இருக்கிறது. ஒரே கூட்டத்துக்குள் அண்ணன் தங்கை முறை, கட்டமாட்டார்கள். அதனால் ரத்தம் நெருங்காது என்று வாதம். கூட்டம் யார் வழியாக வருகிறது? அப்பன் வழி. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் மாறாமல் போவது ஒய் குரோமோசோம் ஒன்றுதான். மனித உடம்பில் குரோமோசோம் 46. ஆண்பிள்ளையிடம் 46இல் ஒன்றைக் கண்காணித்துவிட்டு, பெண்பிள்ளையிடம் அதுவும் இல்லாமல், முழு ரத்தத்துக்கும் காவல் இருப்பதாகச் சொல்வது என்ன அறிவியல்? மாமன் மகள் வேறு கூட்டம்தான். ஆனால் அவளுடைய தாத்தனும் பாட்டியும் யார்? இவனுடைய அம்மாவைப் பெற்றவர்கள். கூட்டக் கணக்கில் அவள் வெளியாள். கொட்டைக் கணக்கில் வீட்டுக்காரி.

அப்படிக் கட்டிய இருவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு, எந்த ஜீனை எடுத்தாலும் 16இல் 1 வாய்ப்பு, இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே கொட்டையாக இருக்கும். அக்கா மகளைக் கட்டினால் 8இல் 1. அதாவது எட்டுக்கு ஒரு தடவை நீங்கள் இரண்டாவது முறை பைக்குள் கைவிடுவதே இல்லை, முதலில் எடுத்ததையே மறுபடி காட்டுகிறீர்கள். நூற்றுக்கு 1 இருக்கிற ஒரு நோய் அல்லீல் பைக்குள் கைவிட்டு எடுக்கும்போது 10,000 பிள்ளைக்கு 1 பிள்ளையைத்தான் தாக்கும். அத்தை மகன் மாமன் மகள் கட்டியதில் 10,000க்கு 7. அக்கா மகளைக் கட்டியதில் 13. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் கட்டியவர்கள் நூற்றுக்கு 28. இந்தியாவிலேயே நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

இந்த இடத்தில் நம்மையும் சொல்லாமல் தாண்டினால் நானும் அந்த மேடைக்காரனும் ஒன்றுதான். இந்த 28 பேரில் நம்ம வளவும் இருக்கிறது. என் அக்காவை என் தாய்மாமனுக்குத்தான் கொடுத்தார்கள். நிலம் இல்லாத சனத்துக்குச் சொத்து வெளியில் போகும் பயம் ஏது? ஆனாலும் கொடுத்தார்கள். வெளியில் கொடுத்தால் கேட்கிற சீருக்கு எங்கே போவது, குடித்துவிட்டு அடித்தால் யார் கேட்பது என்று அம்மா நினைத்தாள். மூத்த பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. மருத்துவமனையில் சீட்டு எழுதும்போதே 'சொந்தத்துலயா?' என்றார்கள். ஒரு பிள்ளையை வைத்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. நிகழ்வெண் என்பது கூட்டத்துக்கான கணக்கு, ஒரு ஆளுக்கான தீர்ப்பு அல்ல. அக்காவிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொள்வாள், நம்பியதாகத் தெரியவில்லை.

புறமணத்தின் மேல் அகமணத்தை ஏற்றி வைத்ததுதான் சாதி என்று அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 25. கொங்கு நாட்டைப் பார்க்காமலே எழுதினார், ஆனால் அச்சு அசலாக இந்தக் கூட்டக் கதை அதற்குள் இருக்கிறது. உள்ளே கூட்டம் மாறிக் கட்டு என்பது புறமணம். வெளியே சாதி மாறாதே என்பது அகமணம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை அறிவியல் என்று விற்கிறார்கள். அதே கட்டுரையில், இங்கே இருந்தது கலந்து ஒன்றான மக்கள், அதைத்தான் சாதி துண்டு போட்டது என்றும் சொன்னார். 97 வருஷம் கழித்து, 2013இல், ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 73 குழுக்களின் மரபணுவை எடுத்துப் பார்த்து எழுதினார்கள். சுமார் 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷத்துக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் பெரும் கலப்பு நடந்திருக்கிறது, ஆதிவாசிகளும் தலித்துகளும் உட்பட ஏறக்குறைய எல்லாரிடமும் அதன் தடம் இருக்கிறது, பிறகுதான் கதவு சாத்தப்பட்டது என்பது அவர்கள் முடிவு. எவன் ரத்தமும் தனி ரத்தம் இல்லை. கலந்து பிறந்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் நாம் எல்லாரும்.

கதவு சாத்தியதற்கு விலை உண்டு. 2017இல் வந்த இன்னொரு ஆய்வு 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. உலகத்தில் மரபணு நெருக்கத்துக்குப் பேர்போனவர்கள் பின்லாந்துக்காரர்களும் அஷ்கனாசி யூதர்களும். அவர்களைவிட நெருக்கமான குழுக்கள் இங்கே 81. அதில் 14 குழுக்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளவை. எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் பை சின்னது. தெலுங்கு நாட்டு வைசியரிடம் ஒரு நொதிக் குறைபாடு அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து அவர்களில் சிலருக்கு உடம்பில் சிதையாமல் தங்கிவிடும், மூச்சுத்தசை நெடுநேரம் இயங்காது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சாதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. சாதி உயிரைக் காக்கும் என்கிறவர்கள் இதை எந்த மேடையிலும் பேசுவதில்லை.

கோவையிலிருந்து வடமேற்கே பார்த்தால் தெரிகிற நீலகிரியில் ஒரு கதை இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத மருத்துவர் ஹெர்மன் லேமன். அவரும் மேரி கட்புஷ் என்பவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல் இருப்பதை 1952இல் எழுதினார்கள். இந்தியாவில் அது தெரியவந்த முதல் காலம். உடனே இதை இன அடையாளமாக வாசித்தார்கள். அதற்கு முன் சென்னை அருங்காட்சியகத்து தர்ஸ்டன் மூக்கை அளந்தார், இப்போது ரத்தத்தை அளப்போம் என்ற கதை. (தர்ஸ்டன் வகையறாவின் மூக்குக் கணக்கை எடுத்தே, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் இனத்தால் வேறில்லை என்று அம்பேத்கர் 1948இல் திருப்பிப் போட்டார். எதிரியின் அளவுகோலால் எதிரியை அளக்கிற வித்தையை அவரிடம்தான் படிக்க வேண்டும்.) 1954இல் ஆலிசன் என்பவர் ஆப்பிரிக்காவில் உண்மையைக் கண்டார். அந்த அல்லீல் ஒன்று மட்டும் இருந்தால் மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. இரண்டு இருந்தால் நோய். கொசு இருக்கிற காட்டில் ஒன்று வைத்திருந்தவன் பிழைத்தான், அதனால் அங்கே நிகழ்வெண் ஏறியது. ஹார்டியின் நிபந்தனை ஒன்று இங்கே உடைகிறது: எந்தக் கொட்டையும் சாகக்கூடாது என்றோமே, இங்கே கொசு தேர்வு செய்கிறது. ரத்தத்தின் தூய்மையும் இல்லை, இனத்தின் குறையும் இல்லை. கொசு.

அந்தக் கொசுதான் ரொம்ப நாள் காட்டையும் காத்தது. கூடலூர், வயநாட்டுப் பக்கம் சமவெளிக்காரன் காய்ச்சலுக்குப் பயந்து ஏறவில்லை. 1953க்குப் பிறகு மலேரியா ஒழிப்பும் டிடிடியும் வந்தன. கொசு போனது, ஆள் வந்தான், நிலம் போனது. பணியரிடமும் இருளரிடமும் குறும்பரிடமும் மிஞ்சியது ரத்தத்துக்குள் இருக்கும் அந்த அல்லீல். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேரைச் சோதித்து அட்டை கொடுப்பதாகச் சொன்னது. கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரின் அட்டையையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறார்கள். சோதனை வேண்டும், மருந்தும் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் அட்டையைப் பார்த்துக் கட்டு என்று ஆதிவாசிக்கு மட்டும்தான் சொல்லப்படுகிறது. சாதிச் சங்கத்தின் வரன் தேடும் புத்தகத்தில் கூட்டம், கோயில், நட்சத்திரம், ஏக்கர் எல்லாம் இருக்கிறது. அதில் எவனுக்கும் அட்டை கிடையாது.

இதெல்லாம் அறியாமை என்று நினைத்துவிடக் கூடாது. அறியாமை என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். பெண்ணை வயிற்றிலேயே அழித்த பாவத்துக்குக் கொங்கு நாட்டில் இன்று மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பதில்லை. தரகர் வைத்துப் பாலக்காட்டுப் பக்கமிருந்து பெண் எடுக்கிறார்கள். வேறு மொழி, வேறு சாதி. வந்த பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக வாழட்டும். என் கேள்வி வேறு. அப்போது ஜீன் எங்கே போனது? பிள்ளைக்குப் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது, 23. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா முழுக்க முழுக்க அம்மாவுடையது. ஆனால் ஆம்பிளை கொண்டுவந்தால் பெண், பொம்பிளை போனால் ஜீன். அந்த ஆம்பிளை கொண்டுவருவதும் நம்ம வீட்டுப் பெண்ணாக இருந்துவிட்டால் கதை மாறிவிடும். 2019 ஜூனில் மேட்டுப்பாளையத்தில் இடைநிலைச் சாதிப் பையன் கனகராஜும் அருந்ததியர் பெண் வர்ஷினி பிரியாவும் வெட்டப்பட்டார்கள். வெட்டியது கனகராஜின் அண்ணன். 2025 ஜனவரியில் கோவை நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பாலக்காட்டுப் பெண்ணிடம் இல்லாத எந்த அல்லீல் வர்ஷினி பிரியாவிடம் இருந்தது?

2012இல் தர்மபுரியில் நத்தம் காலனி எரிந்த பிறகு மேடை மேடையாகச் சொன்னார்கள்: ஜீன்ஸ் பேண்ட் போடுகிறான், கூலிங் கிளாஸ் போடுகிறான், நாடகக் காதல் செய்கிறான். நம் பையன் ஜீன்ஸ் போட்டால் குற்றம். அவர்கள் ஜீன் பேசினால் அறிவியல். 2015 ஜூனில் சேலம் மாவட்டத்து கோகுல்ராஜ், ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காகத் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கொண்டுபோகப்பட்டான். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் முதல் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. அந்த மலைமேல் இருக்கும் சாமி யார்? மாதொருபாகன். பாதி ஆண், பாதி பெண். 23உம் 23உம். அந்தக் கோயிலை வைத்து ஒரு நாவல் வந்தபோது ஊரைக் கூட்டிக் கடை அடைத்தார்கள். பிள்ளையில்லாத பெண் திருவிழாவில் அந்நியனிடம் பிள்ளை வாங்கினாள் என்று கதையில் எழுதியது அவர்களைச் சுட்டது. கதையில்கூட வேறு கொட்டை பைக்குள் விழக்கூடாது.

இப்போது வள்ளிக்கும்மி புதுசாகப் பரவியிருக்கிறது. சின்னச் சின்னப் பெண்பிள்ளைகள் ஒரே நிறச் சேலையில் ஆயிரக்கணக்கில் ஆடுகிறார்கள். பார்க்க அழகுதான். நடுவில் மைக்கைப் பிடித்து, நம்ம சாதிப் பையனைத்தான் கட்டுவேன் என்று சொல்ல வைக்கிறார்கள். அடப்பாவிகளா, வள்ளி யார்? தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண். வேலன் எந்த ஊர்ச் சங்கத்தில் கேட்டுக்கொண்டு அவளைக் கட்டினான்? அண்ணன்மார் எதிர்க்க எதிர்க்க நடந்த களவு மணத்தைப் பாடிக்கொண்டே களவு மணத்துக்கு எதிராகச் சத்தியம் வாங்குகிற சாமர்த்தியம் வேறு எவனுக்கும் வராது.

கடைசியாக நம் தோழர்களிடம் ஒரு எச்சரிக்கை. மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு, கலப்புமணம் செய்தால் ஆரோக்கியமான பிள்ளை பிறக்கும், அதனால் சாதி ஒழிக என்று மேடையேறிவிடாதீர்கள். அது அவர்கள் தோண்டிய குழி. நாளைக்கு எவனாவது ஒரு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்து அகமணத்தால் இன்ன நன்மை என்றால், சரிங்க பண்ணாடி என்று வளவுக்குத் திரும்பிவிடுவோமா? என் தாத்தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்தது அல்லீல் நிகழ்வெண்ணால் அல்ல. சங்கரும் கௌசல்யாவும் சேர்ந்தது அடுத்த தலைமுறையின் விகிதத்தைத் திருத்த அல்ல. 2022இல் மக்களின் இனத் தூய்மையைப் பார்க்க மரபணு இயந்திரம் வாங்கப்போகிறார்கள் என்று ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தைப் பற்றிச் செய்தி வந்தது. அமைச்சகம் மறுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் வரலாற்றாளர்களும் கண்டித்து எழுதினார்கள். அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நாமே ரத்தத்தை நீட்டக் கூடாது. அவன் பொய்யை உடைக்கத்தான் கணக்கு. நம் உரிமைக்கு ஆதாரம் கணக்கு அல்ல.

அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். புளியங்கொட்டைப் பையையும் காட்டினேன். பேசாமல் கேட்டுவிட்டு, "அண்ணா, நம்ம ஆளுங்களே தேவேந்திரரு, பறையரு, நம்மளோட கட்டுறாங்களா? நாமதான் கட்டறமா?" என்றான். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததிலிருந்து மேடையில் தோழர் என்பவர்கள் வீட்டு வாசலில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவனிடம் மறைக்கவில்லை.

என் அக்கா மகளுக்கு இப்போது 21 வயது. கை அசைவில் நன்றாகப் பேசுவாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். காது கேட்காத பிள்ளை, வெளியில் யார் கட்டுவார்கள் என்று மறுபடியும் சொந்தத்துக்குள்ளேயே பார்க்கிறார்கள். தாய்மாமன் நீயே கட்டிக்கோயேன் என்று என்னிடம் சிரிக்காமல் சொன்ன பாட்டிகளும் உண்டு. போன மாதம் அவளோடு வேலை பார்க்கும் ஒரு பையன், அவனுக்கும் காது கேட்காது, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தான். தேவேந்திரர் வீடு. அந்த அம்மா வாசலிலேயே நின்றது. உள்ளே வந்து உட்காருங்க என்று அக்கா மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை வந்து உட்கார்ந்தது. தண்ணீர் கொடுத்தோம், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தது. பிறகு குடித்தது. பிள்ளைகள் இரண்டும் திண்ணையில் உட்கார்ந்து கையால் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்தப் பையன் ஜீன்ஸ்தான் போட்டிருந்தான்.